குழிக்கு மூன்றடி முன்னால்

2024 ஜூன் 16. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். இன்னும் ஐந்து குழிகள்தான் பாக்கி. குறைவான ஷாட்களில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில் ரோரி மெக்கில்ராய் இரண்டு ஷாட் முன்னிலையில் இருக்கிறார். 2014க்குப் பிறகு அன்றுவரை மேஜர் பட்டம் (மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என்ற நாலு பெரிய போட்டிகளில் ஒன்று) எதுவும் அவர் கைக்கு வரவில்லை. பத்து வருடக் காத்திருப்பு அன்றோடு முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

16ஆவது குழியில் அவர் பந்து குழியிலிருந்து இரண்டரை அடி தூரத்தில் நின்றது. வழவழவென்று வெட்டிய புல்தரையில் பந்தை மெல்ல உருட்டிக் குழிக்குள் தள்ளுவதை ‘பட்’ என்பார்கள். அந்த சீசனில் மூன்றடிக்குள்ளிருந்து மெக்கில்ராய் அடித்த பட்கள் 496. அத்தனையும் உள்ளே போயிருந்தன. அன்று அடித்தது விளிம்பில் சுற்றி வெளியே வந்துவிட்டது. கடைசிக் குழியில் நாலடிக்கும் குறைவான இன்னொரு பட். அதுவும் போகவில்லை. ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் பிரைசன் டிஷாம்போ கோப்பையைத் தூக்கினார். மெக்கில்ராய் பத்திரிகையாளர்கள் யாரிடமும் பேசாமல் மைதானத்தை விட்டுப் போய்விட்டார்.

‘பயந்துட்டார்’, ‘மன உறுதி இல்லை’ என்று அன்றிரவே தீர்ப்பு எழுதப்பட்டது. கோல்ஃபில் யார் சறுக்கினாலும் இதே தீர்ப்புதான். ஒருவர் முதுகு வலியால் விலகினால் அது உடல் கணக்கு. முன்னிலையில் இருந்து தோற்றால் அது மனக் கணக்கு. இப்படி இரண்டு பேரேடு வைத்துக்கொண்டு இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே என் எண்ணம். முன்னணி வீரர்களுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், உடல் களைப்பு மனதைக் கெடுப்பதும் மனப் பதற்றம் கைவிரலில் வந்து நிற்பதும் ஒரே சங்கிலியாகத் தெரியும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு சுற்று முடிய நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். தேர்ந்த வீரர் அதில் சுமார் எழுபது முறை பந்தை அடிப்பார். ஒரு அடிக்கு இரண்டு வினாடி என்று வைத்தாலும் மொத்தம் இரண்டரை நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் நடை, காத்திருப்பு, யோசனை. கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வரும்போது பேட்ஸ்மேனுக்கு யோசிக்க நேரமே கிடையாது. பழகிய உடம்பு தானாக வேலை செய்துவிடும். கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. எதிராளி யாரும் அதைத் தொட மாட்டார். அடிக்கப்போகிறவர் தன் மனதோடு தனியாக நிற்கிறார். போன குழியில் விட்டது, தண்ணீரில் விழுந்தது, அடுத்த குழியில் என்ன ஆகுமோ என்பது எல்லாம் அந்த நடையில்தான் வந்து சேரும். இப்படி நாலு நாள்.

அப்புறம் உடம்பு. டிவியில் பார்த்தால் கோல்ஃப் வியர்க்காத விளையாட்டு மாதிரித்தான் தெரியும். உண்மையில், முன்னணி ஆண் வீரர் ஒருவர் டிரைவர் எனப்படும் நீளமான மட்டையை வீசும்போது அதன் தலை மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைத் தொடுகிறது. உச்சியில் இருந்து பந்து வரை அது கீழே இறங்க எடுத்துக்கொள்வது கால் வினாடி. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம், ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு வேகத்தைக் கையால் மட்டும் உண்டாக்க முடியாது. காலில் இருந்து இடுப்பு, இடுப்பில் இருந்து முதுகு, தோள், கை என்று முறுக்கிப் பிரித்துத்தான் அது வருகிறது. இடுப்பைக் கொஞ்சமாகத் திருப்பித் தோளை அதிகமாகத் திருப்பினால் முறுக்கு கூடும், பந்து தூரம் போகும். அந்த முறுக்கு முழுவதையும் கீழ்முதுகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

1990இல் வெளியான ஓர் ஆய்வில், மட்டையை வீசும் ‘ஸ்விங்’ நடக்கும் நொடியில் கீழ்முதுகெலும்பில் உடல் எடையைப் போலச் சுமார் எட்டு மடங்கு அழுத்தம் விழுவதாகக் கணக்கிட்டார்கள். எழுபது கிலோ ஆளுக்கு ஐநூறு கிலோவுக்கும் மேல். அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. போட்டியில் எழுபது ஷாட் என்றாலும் பயிற்சித் திடலில் ஒரு நாளில் அடிப்பது சில நூறு. சின்ன வயதில் இருந்து இதே திருப்பம். தொழில்முறை வீரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் காயம் கீழ்முதுகு என்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அடுத்து மணிக்கட்டு, வலது கைக்காரர்களுக்கு இடது மணிக்கட்டு.

வில் ஸலடோரிஸ் 2022 ஆகஸ்டில், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் தன் முதல் பட்டத்தை வென்றார். வயது 25. அடுத்த வாரமே அடுத்த போட்டியில் இருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு விலகினார். முதுகெலும்பு வட்டுகள் பிதுங்கியிருந்தன. 2023 ஏப்ரலில் அறுவை சிகிச்சை. 2025இல் மறுபடியும் அறுவை சிகிச்சை. இவ்வளவு இளம் வயதில் ஒரு தடகள வீரருக்கு இது நடந்தால் ஊரே பேசும். கோல்ஃப் வீரருக்கு நடந்தால் ‘ஓய்வெடுத்து வரட்டும்’ என்று நகர்ந்துவிடுகிறோம்.

டைகர் வுட்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதை வீரக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 2008 யு.எஸ். ஓப்பனை டோரி பைன்ஸ் மைதானத்தில் அவர் வென்றபோது இடது முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. கீழ்க்கால் எலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். நாலு நாள் ஆடி, ஐந்தாவது நாளும் ராக்கோ மீடியேட்டுடன் இன்னொரு பதினெட்டுக் குழிகள், அதிலும் சமன் ஆகி இன்னும் ஒன்று என மொத்தம் 91 குழிகள் ஆடினார். ஒவ்வொரு பெரிய ஷாட்டுக்குப் பிறகும் அவர் முகம் சுளித்ததையும் மட்டையை ஊன்றி நின்றதையும் உலகம் பார்த்தது. மன உறுதிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை, சரி. அதே உறுதிக்கு உடம்பு கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் மீதி முழுவதும் அவர் ஆடவில்லை. 2014 முதல் முதுகில் அறுவை சிகிச்சைகள் வரிசையாக வந்தன. 2017 ஏப்ரலில் கீழ்முதுகு எலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். 2019இல் மாஸ்டர்ஸை அவர் மறுபடி வென்றது, வலியில்லாமல் பயிற்சி செய்ய முடிந்த பிறகுதான்.

வலி ஷாட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதுகு ஒரு முறை பிடித்துக்கொண்டவருக்கு, அடுத்த முறை முழுதாகத் திரும்பும்போது உடம்பே பிரேக் போடும். அவர் அறிந்து செய்வதில்லை. திருப்பம் ஒரு அங்குலம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்டக் கை அவசரப்படும். மட்டையின் முகம் ஒரு டிகிரி திரும்பிவிடும். 250 மீட்டர் தாண்டிப் போகும் பந்துக்கு அந்த ஒரு டிகிரியே பல மீட்டர் விலகல். நடுப்பாதையில் விழ வேண்டியது மரத்துக்குள் போகும். இது நாலைந்து தடவை நடந்தால் வீரர் தன் ஸ்விங்கையே சந்தேகப்படத் தொடங்குவார். அங்கே தொடங்குகிறது மனப் பிரச்சினை. வேர் முதுகில் இருக்கிறது.

டேவிட் டுவால் 1999இல் உலகின் முதல் நிலை வீரர். அதே ஆண்டு ஒரு சுற்றை 59 ஷாட்களில் முடித்தவர். 2001இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். பி.ஜி.ஏ. டூரில் அதற்குப் பின் அவர் வெல்லவே இல்லை. முதுகு, மணிக்கட்டு, தோள் என்று காயங்கள், தலைசுற்றல், சொந்த வாழ்க்கையின் சிக்கல்கள். எது முதலில், எது அடுத்தது என்று பிரித்தே சொல்ல முடியாது. முப்பது வயது தாண்டுவதற்குள் உச்சியில் இருந்தவர், அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் பந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் நின்றார்.

களைப்பும் வெயிலும் செய்யும் வேலைக்கு நான் எப்போதும் நினைப்பது கென் வென்டூரியை. 1964 யு.எஸ். ஓப்பன், வாஷிங்டன் அருகே காங்கிரஷனல் மைதானம். அந்தக் காலத்தில் கடைசி நாளன்று காலையில் பதினெட்டு, பிற்பகலில் பதினெட்டு, ஆக 36 குழிகள் ஒரே நாளில் ஆட வேண்டும். அன்று வெயில் ஏறக்குறைய நூறு டிகிரி ஃபாரன்ஹீட்; காற்றில் ஈரம் வேறு. வென்டூரி காலையில் பிரமாதமாக ஆடினார். ஆனால் சுற்றின் முடிவில், 17ஆவது, 18ஆவது குழிகளில் சின்னச் சின்ன பட்களை விட்டார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதை டிவியில் பார்த்திருந்தால் ‘நெருக்கடியில் நரம்பு தளர்ந்துவிட்டது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மையில் அவர் உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது.

இடைவேளையில் அவரைப் பரிசோதித்த டாக்டர் மேற்கொண்டு ஆட வேண்டாம், உயிருக்கே ஆபத்து என்றார். வென்டூரி கேட்கவில்லை. அந்த டாக்டரே உப்பு மாத்திரையும் ஐஸும் எடுத்துக்கொண்டு பிற்பகல் முழுக்க அவருடன் நடந்தார். காலையில் 66, பிற்பகலில் 70. நாலு ஷாட் வித்தியாசத்தில் வென்டூரி ஜெயித்தார். போட்டி அமைப்பாளர்கள் அடுத்த ஆண்டே 36 குழி நாளை ஒழித்து, போட்டியை நாலு நாட்களாகப் பிரித்துவிட்டார்கள். வீரரின் மன உறுதியைப் பாராட்டியதோடு நிற்காமல் விதியை மாற்றினார்களே, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வெயில் இன்றும் விட்டுவிடவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸின் பெண்கள் கோல்ஃபில் முதல் நாளே அமெரிக்க வீராங்கனை ஒருவரின் கேடி (மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர்) வெப்பத்தால் சுருண்டு, பாதியில் வெளியேற வேண்டியதாயிற்று. அதே போட்டியில்தான் பெங்களூரின் அதிதி அசோக் ஒரே ஒரு ஷாட்டில் பதக்கத்தை இழந்து நான்காவதாக முடித்தார். அந்தப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு அவருக்குக் கோவிட் வந்திருந்தது. உடம்பில் பலம் குறைந்து, பந்தின் தூரமும் குறைந்திருந்தது. கூட ஆடியவர்கள் சின்ன மட்டையால் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனுக்கு அனுப்பியபோது, அவர் பெரிய மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. அதை முழுக்கத் தன் பட்டிங்கால் ஈடுகட்டினார். நான்கு நாள் அப்படி ஆடுவது மனதை எவ்வளவு பிழிந்திருக்கும் என்று பதக்கப் பட்டியல் சொல்லாது. உடம்பு குறையும்போது திறமையின் இன்னொரு பகுதி இரட்டை வேலை செய்கிறது. தவறு செய்ய இடமே இல்லாமல் போகிறது.

இனி எதிர்ப்பக்கம்: மனம் உடம்பை என்ன செய்கிறது?

பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், முன்கைத் தசைகள் இறுகும். பெரிய ஷாட்டில் இது ஒரு விதத்தில் பலம். பந்து வழக்கத்தைவிட ஐந்து, பத்து மீட்டர் கூடப் போகும். ஆனால் அதுவே சிக்கல். தினமும் 150 மீட்டர் போகும் மட்டை அன்றைக்கு 160 போனால் பந்து கிரீனைத் தாண்டிப் புதரில் விழும். அனுபவசாலிகள் நெருக்கடியில் வேண்டுமென்றே ஒரு அளவு சின்ன மட்டையை எடுப்பது இதனால்தான். சின்ன ஷாட்டில் கதை வேறு. இரண்டரை அடி பட்டுக்குப் பலமே வேண்டாம். விரல்களின் நுட்பம்தான் வேண்டும். இறுகிய முன்கையால் அதைச் செய்ய முடியாது. இதயத் துடிப்பைத் தணித்துக் கை நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் கோல்ஃப் போட்டிகளில் ஊக்கமருந்துப் பட்டியலில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. மனப் பதற்றம் உடம்பில் எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரான ஒப்புதல் தேவையில்லை.

தேர்ந்தவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு தொல்லையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் சையன் பைலாக் பட்டிங்கை வைத்து ஆய்வுகள் செய்தார். புதிதாகக் கற்பவர்களிடம் ‘உன் கை அசைவைக் கவனி’ என்று சொன்னால் அவர்களுக்கு உதவுகிறது. அனுபவசாலிகளிடம் அதையே சொன்னால் கெட்டுப்போகிறது. அவர்கள் கவனத்தை வேறு ஒரு சின்ன வேலையில் திருப்பிவிட்டால் நன்றாக அடிக்கிறார்கள். பல்லாயிரம் முறை செய்து உடம்பில் ஊறிய ஒன்றை, நெருக்கடி வந்ததும் மனம் பிடித்து ஒவ்வொரு படியாகச் சரிபார்க்கத் தொடங்குகிறது. ‘ஜாக்கிரதையா அடிக்கணும்’ என்ற எண்ணமே எதிரியாகிவிடுகிறது. பைன்ஹர்ஸ்டில் மூன்றடி பட்டை 496 முறை யோசிக்காமல் அடித்த ஒருவர், அன்று என்ன யோசித்தார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் யோசிக்க நேரமும் காரணமும் ஏராளமாக இருந்தன.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் கண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். நன்றாக பட் செய்பவர்கள் அடிக்கும் முன் பந்தின் ஒரே புள்ளியில் இரண்டு, மூன்று வினாடி பார்வையை அசையாமல் வைக்கிறார்கள். அடித்த பிறகும் கண் உடனே பந்தைத் துரத்துவதில்லை. பதற்றத்தில் முதலில் குலைவது இந்தப் பார்வைதான். வீரர்கள் ஷாட்டுக்கு முன் ஒரே மாதிரி மூச்சு, ஒரே மாதிரி இரண்டு வெள்ளோட்டம், ஒரே மாதிரி காலடி என்று சடங்கு போலச் செய்வது வெறும் நம்பிக்கை அல்ல. மனம் நுழைய இடம் கொடுக்காமல் அந்தச் சில வினாடிகளை அடைத்துவைக்கிறார்கள்.

களைத்த மனம் கையை விட அதிகமாக முடிவெடுக்கும் திறனைக் கெடுக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. 1999 பிரிட்டிஷ் ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று ஷாட் முன்னிலையுடன் வந்தார். ஆறு ஷாட் எடுத்தாலும் கோப்பை அவருக்கு. பாதுகாப்பாகச் சின்னச் சின்னதாக அடித்திருக்கலாம், டிரைவரை எடுத்தார். அடுத்த ஷாட் பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பியது. அதற்கடுத்தது ஓடையில் விழுந்தது. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்கி, பந்தைப் பார்த்தபடி நின்றார். ஏழு ஷாட். பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் பால் லாரி வென்றார். அவர் கைத்திறன் அங்கே உடையவில்லை. நாலாவது நாளின் எழுபத்திரண்டாவது குழியில் எதை விடலாம், எதைப் பிடிக்கலாம் என்ற நிதானம்தான் போயிருந்தது.

உடலா மனமா என்று கேட்கவே முடியாத இடம் ‘யிப்ஸ்’. சின்ன பட் அடிக்கும் நொடியில் மணிக்கட்டு தானாக வெட்டி இழுக்கும். பழைய சாம்பியன் டாமி ஆர்மர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் இது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு இளம் வயதிலேயே வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி மாற்றி, பிறகு நீளமான பட்டர் (பட் அடிக்கும் மட்டை) எடுத்து, அதற்குள் இரண்டு முறை மாஸ்டர்ஸும் வென்றார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பாதிக்கப்பட்ட வீரர்களைப் பார்த்துவிட்டு, இதை ஒரே நோயாகச் சொல்லவில்லை. ஒரு முனையில் தசையைக் கட்டுப்படுத்தும் நரம்புக் கோளாறு. வயலின், பியானோ வாசிப்பவர்களின் விரல்களுக்கும் இது வரும். மறுமுனையில் வெறும் பதற்றம். இடையில் இரண்டும் கலந்தவர்கள். முதல் முறை கை வெட்டி இழுத்தது நரம்பால் என்றாலும், இரண்டாவது முறை அந்த இடத்தில் நிற்கும்போது பயம் சேர்ந்துகொள்கிறது.

2016 மாஸ்டர்ஸின் முதல் குழியில் எர்னி எல்ஸ் மூன்றடிக்குள்ளிருந்து குழிக்குள் போட ஆறு பட் எடுத்தார். நாலு மேஜர் வென்றவர். ஸ்கோர் அட்டையில் 9. மூளைக்குள் பாம்புகள் ஊர்வது போல இருக்கிறது, மட்டையைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை என்ற பொருளில் அன்று பேசினார். இப்படி வெளிப்படையாகச் சொன்னதற்கு அவருக்குக் கோல்ஃப் உலகம் நன்றி சொல்ல வேண்டும். பலர் ‘யிப்ஸ்’ என்ற சொல்லைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள்.

பார்வையாளர்களான நம்மிடமும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. பி.ஜி.ஏ. டூர் வீரர்கள் மூன்றடியில் இருந்து நூற்றுக்கு 96 பட் போடுகிறார்கள். எட்டடி என்றால் பாதிதான் போகும். இருபதடியில் ஏழில் ஒன்று. டிவி பெரும்பாலும் வெற்றி பெற்ற பட்களைக் காட்டுவதால், எட்டடியில் விட்டவரை நாம் பதறியவராகப் பார்க்கிறோம். அவர் செய்தது உலகின் மிகச் சிறந்தவர்கள் பாதி நேரம் செய்வதைத்தான். டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் 25 லட்சம் பட்களை அலசி வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை ஷாட் என்று வைத்திருக்கும் அளவு ‘பார்’; அதைவிட ஒன்று குறைத்தால் ‘பர்டி’. ஒரே தூரத்தில் இருந்து அடித்தாலும், ஒரு ஷாட் மிச்சம் பிடிக்கும் பர்டி பட்டைவிட, இழப்பைத் தவிர்க்கும் பார் பட் சுமார் இரண்டு சதவீதப் புள்ளி அதிகமாக உள்ளே போகிறது. ஸ்கோர் அட்டையில் இரண்டும் ஒரே மதிப்புதான். நஷ்டம் என்று வந்தால் மனம் கூடுதலாக விழித்துக்கொள்கிறது. டைகர் வுட்ஸ்கூட விதிவிலக்கு இல்லை.

நாலு நாள் போட்டி ஒரு பக்கம்; பிழைப்பு இன்னொரு பக்கம். கோல்ஃப் வீரருக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு நாள் முடிவில் ‘கட்’ என்ற கோட்டுக்குக் கீழே போனால், வழக்கமான போட்டிகளில் பரிசுப் பணம் பூஜ்யம். விமானம், ஹோட்டல், கேடி, பயிற்சியாளர் செலவெல்லாம் தன் கையில் இருந்து. பி.ஜி.ஏ. டூரில் முழு உரிமை பெறும் இடங்களை 2026 முதல் 125இல் இருந்து 100ஆகக் குறைத்துவிட்டார்கள். டூரின் புள்ளிப் பட்டியலில் நூற்றுப்பத்தாவதாக வரும் வீரருக்கு அடுத்த வருட வேலை உறுதியில்லை என்பது எவ்வளவு விசித்திரம்! முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்தால் புள்ளிகள் போகும்; ஆடினால் முதுகு போகும். சிறிய டூர்களில் பரிசே குறைவு என்பதால் இந்த நெருக்கடி இன்னும் மோசம்.

உச்சியில் இருப்பவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. உலக முதல் நிலை வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2025 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு முன் பத்திரிகையாளர்களிடம், வெற்றியின் மகிழ்ச்சி சில நிமிடங்கள்தான் நிற்கிறது, பிறகு ‘இதெல்லாம் எதற்கு’ என்று தோன்றுகிறது என்று பேசினார். அந்த வாரமே அந்தப் போட்டியை வென்றார். கிரேசன் மர்ரி 2024 ஜனவரியில் ஹவாயில் பட்டம் வென்றவர். குடிப்பழக்கம், மனச்சோர்வு பற்றித் திறந்து பேசியவர். அந்த மே மாதம் ஒரு போட்டியின் நடுவில் விலகினார். மறுநாள் உயிரை முடித்துக்கொண்டார். வயது 30. ஸ்கோரை வைத்து ஒருவரின் மனநிலையை அளப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த வாரம் எல்லோருக்கும் உறைத்தது.

அமெரிக்க அணியும் ஐரோப்பா தவிர்த்த சர்வதேச அணியும் மோதும் பிரெசிடென்ட்ஸ் கோப்பை 2015இல் தென்கொரியாவின் இஞ்சியானில் நடந்தது. கடைசி நாள், கடைசிக் குழி. நம் அனிர்பன் லாஹிரியும் அமெரிக்காவின் கிரிஸ் கிர்க்கும் சமநிலையில் இருந்தார்கள். கிர்க் பதினைந்தடி பட்டைப் போட்டுவிட்டார். லாஹிரிக்கு நாலடி மாதிரிதான், போட்டால் சமன். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகிப் போனது. கோப்பையை அமெரிக்கா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டது. அன்று யாரைக் கேட்டாலும், இந்த இருவரில் மன உறுதி உள்ளவர் கிர்க் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2019 மே மாதம் அந்த கிர்க், குடிப்பழக்கத்தோடும் மனச்சோர்வோடும் போராடுவதாக அறிவித்து, திரும்பும் தேதி சொல்லாமல் விளையாட்டை விட்டு விலகினார். லாஹிரியோ 2022இல் பிளேயர்ஸ் போட்டியில் கேமரன் ஸ்மித்தைக் கடைசிக் குழி வரை துரத்தி, ஒரே ஷாட்டில் இரண்டாம் இடம் பிடித்தார். ஒரு பட்டை வைத்து எழுதிய இரண்டு தீர்ப்புகளும் நிற்கவில்லை.

கிர்க் விஷயத்தில் பி.ஜி.ஏ. டூர் ஒரு நல்ல காரியம் செய்தது. உடைந்த முழங்காலுக்கும் அறுத்த முதுகுக்கும் கொடுக்கும் அதே மருத்துவ நீட்டிப்பை அவருக்கும் கொடுத்தது. அதன்படி, திரும்பி வந்த பிறகு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளுக்குள் தேவையான புள்ளிகளைச் சேர்த்தால் உரிமை நீடிக்கும், இல்லையென்றால் போய்விடும். நீட்டிப்பின் கடைசிப் போட்டியான 2021 சோனி ஓப்பன் வரை கிர்க்கின் எண்ணிக்கை எட்டவில்லை. அங்கே இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு உரிமையைக் காப்பாற்றினார். நோயில் இருந்து தேறி வருபவரின் தலைக்கு மேல் இப்படி ஒரு எண்ணிக்கையைத் தொங்கவிடுவது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் மனச்சோர்வையும் முழங்காலையும் ஒரே விதியின் கீழ் கொண்டுவந்ததே பெரிய நகர்வு.

2023 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் ஹோண்டா கிளாசிக். ஒரு ஷாட் முன்னிலையில் கடைசிக் குழிக்கு வந்த கிர்க், பந்தைத் தண்ணீருக்குள் அடித்தார். எரிக் கோலுடன் சமன். கூடுதல் ஆட்டத்துக்காக மறுபடி அதே குழி, அதே தண்ணீர். இந்த முறை பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, தட்டிவிட்டு வென்றார். 2015க்குப் பிறகு அவருக்கு அதுதான் முதல் பி.ஜி.ஏ. டூர் பட்டம்.